அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும்: டெல்டா மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்பு பாடம் வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வரியை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கினால் அயனிப் பிணைப்பு, பங்கு போட்டுக்கொண்டால் சகப்பிணைப்பு. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் இந்த இரண்டு வரி காலை வாரிவிடுகிறது. பிணைப்பு என்பது நேர்மின்சுமைக்கும் எதிர்மின்சுமைக்கும் இடையில் உள்ள ஈர்ப்பு. எலக்ட்ரான் இடம் மாறுவது அந்த ஈர்ப்புக்கு வழி செய்யும் ஒரு படி மட்டும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பாடத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள்களையே முடிந்தவரை உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

அணுக்கள் எதற்காகச் சேர வேண்டும்? தனியாகவே இருக்கக் கூடாதா?

இருக்கலாம். ஹீலியம், நியான், ஆர்கான் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. மற்ற அணுக்கள் சேர்வதற்குக் காரணம், சேர்ந்த பிறகு அவற்றின் மொத்த ஆற்றல் குறைகிறது என்பதுதான். ஓர் அணுவின் உட்கரு நேர்மின்சுமை கொண்டது, எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது ஈர்ப்பும் உண்டு, விலக்கமும் உண்டு. ஈர்ப்பும் விலக்கமும் சமமாகி, ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் தூரத்தில் அவை நின்றுவிடுகின்றன. அந்த நிலையைத்தான் பிணைப்பு என்கிறோம்.

சரி, எட்டு எலக்ட்ரான் கணக்கு? 1916-இல் ஜெர்மனியில் கோசலும் அமெரிக்காவில் லூயிஸும் தனித்தனியாக இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். கோசல் அயனிகளை, அதாவது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை கொண்ட அணுக்களை வைத்தும், லூயிஸ் எலக்ட்ரான் ஜோடியை வைத்தும் விளக்கினார்கள். வெளிக்கூட்டில் எட்டு இருந்தால் அணு நிலையாக இருக்கும் என்ற விதி சிறிய அணுக்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அது ஓர் அடையாளம்தான், காரணம் இல்லை. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பாஸ்பரஸைச் சுற்றிப் பத்து எலக்ட்ரான் வருகிறது, போரான் டிரைபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். இரண்டுமே நிஜமான சேர்மங்கள்.

சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கத் துடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வது சரியா?

இல்லை. வகுப்பில் ஆர்வம் வரட்டும் என்று இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள், பிறகு அந்த எண்ணத்தை எடுப்பது கஷ்டம். எண்களை வைத்துப் பார்த்துவிடுவோம்.

ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை) சோடியம் அணுக்களிடமிருந்து தலா ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் ஆற்றல் நாம் செலவழிக்க வேண்டும். தானாக எதுவும் உதிர்வதில்லை. குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும்போது வெளிவருவது 349 கிலோஜூல் மட்டும். ஆக, கொடுக்கல் வாங்கலை மட்டும் பார்த்தால் 147 கிலோஜூல் நஷ்டம். அது போதாதென்று, திட சோடியத்தைத் தனித்தனி அணுவாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிரித்து அணுவாக்க 121 என்று இன்னும் செலவு இருக்கிறது.

அப்புறம் எப்படி உப்பு உண்டாகிறது? உருவான அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து, நெருங்கி, படிகமாக அடுக்கப்படும்போது ஒரே மூச்சில் 787 கிலோஜூல் வெளியாகிறது. இதற்குப் படிகக்கூடு ஆற்றல் என்று பெயர். செலவு 107, 121, 496, ஆக 724. வரவு 349, 787, ஆக 1,136. மிச்சம் 412. ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் ஒரு மோல் உப்பு, அதாவது சுமார் 58.5 கிராம், உருவாகும்போது வெளிவரும் வெப்பம் 411 கிலோஜூல். கணக்கு எவ்வளவு அழகாக ஒத்துப்போகிறது பாருங்கள்!

உப்பைக் கட்டி வைத்திருப்பது எலக்ட்ரான் கைமாறியது அல்ல, அதற்குப் பிறகு வந்த ஈர்ப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது, இரண்டு எலக்ட்ரான் கொடுத்தால் ஈர்ப்பு இன்னும் கூடுமே என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இரண்டாவது எலக்ட்ரானை உள்கூட்டிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு 4,562 கிலோஜூல். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது. மெக்னீசியத்துக்கு இரண்டு எலக்ட்ரானுமே வெளிக்கூட்டில் இருப்பதால் இரண்டையும் எடுக்க மொத்தம் 2,189 கிலோஜூல்தான் ஆகிறது. மெக்னீசியம் ஆக்சைடின் படிகக்கூடு ஆற்றலோ சுமார் 3,800. அதனால்தான் மெக்னீசியம் இரண்டைக் கொடுக்கிறது.

ஒரு உப்பு மூலக்கூறு பார்க்க எப்படி இருக்கும்?

உப்புக்கு மூலக்கூறே கிடையாது. இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள்.

மார்கழியில் வாசலில் நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு காவிப் புள்ளி என்று மாற்றி மாற்றி வைக்கிறீர்கள். அடுத்த வரிசையில் வெள்ளைக்குக் கீழே காவி, காவிக்குக் கீழே வெள்ளை. இப்போது நடுவில் இருக்கும் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, இதற்கு ஜோடி எந்தக் காவிப் புள்ளி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான்கு பக்கமும் காவிதான் இருக்கிறது. நான்கும் ஒரே தூரத்தில். உப்பிலும் இதுதான் நிலைமை. தளத்தில் நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள். எந்த ஒன்றும் எந்த ஒன்றுக்கும் தனிச் சொந்தம் இல்லை. சோடியம் ஒன்று, குளோரின் ஒன்று என்று வாய்பாட்டில் எழுதுவது விகிதத்தைத்தான் காட்டுகிறது.

1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளினார்களே, அந்த வேதாரண்யம் உப்பளங்களில் இன்றும் கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காயவைத்துத்தான் கல்லுப்பு எடுக்கிறார்கள். வீட்டில் இருக்கும் கல்லுப்பில் நல்லதாக ஒரு கட்டியைத் தேர்ந்தெடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் கொஞ்சம் கரைந்து மழுங்கியிருந்தாலும், தட்டையான முகங்களும் செங்கோணத்தில் சந்திக்கும் விளிம்புகளும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்கு முறைதான் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கனசதுரமாக வளர்ந்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள ஒரு சின்னக் கட்டியின் ஒரு விளிம்பில் மட்டும் சுமார் 35 லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன.

கல்லுப்பைச் சுத்தியலால் தட்டினால் உடைகிறது. குத்துவிளக்கைத் தட்டினால் ஏன் உடையவில்லை?

உப்பைத் தட்டும்போது ஓர் அடுக்கு ஒரு அயனி அளவுக்கு நகர்ந்தால் போதும். சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரைடுக்கு எதிரே குளோரைடும் வந்துவிடும். ஒரே மின்சுமை ஒன்றையொன்று தள்ளும், படிகம் அந்தத் தளத்திலேயே பிளந்துவிடும். அதனால்தான் உடைந்த துண்டுகளிலும் தட்டையான முகம் தெரிகிறது.

நாச்சியார்கோவில் பித்தளை விளக்கில் இருப்பது உலோகப் பிணைப்பு. செம்பு, துத்தநாக அணுக்களின் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்க உலவுகின்றன. அடுக்கு நகர்ந்தாலும் எலக்ட்ரான்கள் கூடவே நகர்ந்து ஒட்டவைத்துவிடுகின்றன. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வார்த்தெடுத்த சிலையில் உளி வைத்து நகாசு வேலை செய்ய முடிவதும் இதனால்தான். உப்புக் கட்டியில் அந்த வேலை நடக்காது.

சகப்பிணைப்பில் எலக்ட்ரானைப் பங்கு போடுவது என்றால் என்ன? யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எலக்ட்ரான். அவை நெருங்கும்போது இரண்டு எலக்ட்ரானும் பெரும்பாலும் இரண்டு உட்கருக்களுக்கும் நடுவில் உள்ள இடத்தில் இருக்கின்றன. நடுவில் எதிர்மின்சுமை, இரண்டு பக்கமும் நேர்மின்சுமை. இரண்டு உட்கருவும் நடுவில் உள்ளதை ஈர்க்கின்றன, அதனால் பிரியாமல் நிற்கின்றன. ஆக, இங்கேயும் அடிப்படை அதே மின் ஈர்ப்புதான். உட்கருக்களுக்கு இடையில் தூரம் 74 பிக்கோமீட்டர். அதைப் பிரிக்க ஒரு மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும்.

ஒரு ஜோடி பங்கிட்டால் ஒற்றைப் பிணைப்பு, இரண்டு ஜோடி என்றால் இரட்டை, மூன்று என்றால் மும்மைப் பிணைப்பு. ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே? பிறகு நெல்லுக்கு எதற்கு யூரியா வாங்குகிறோம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டெல்டாவில் பிறந்த பிள்ளைதான் இதைக் கேட்கும்.

காற்றில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மூன்று எலக்ட்ரான் ஜோடிகளைப் பங்கிட்டிருக்கின்றன. அதைப் பிரிக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், ஹைட்ரஜனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நெற்பயிர் நைட்ரஜன் காற்றிலேயே நின்றுகொண்டிருந்தாலும் அந்தப் பிணைப்பை உடைக்க அதனிடம் வழி இல்லை. உரத் தொழிற்சாலையில் ஹேபர் முறையில் இரும்பு வினையூக்கியை வைத்து, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல 150, 200 மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்கிறார்கள். அதிலிருந்துதான் யூரியா வருகிறது. மூட்டையில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவதில் பெரும்பகுதி அந்த மும்மைப் பிணைப்பை மாற்றியமைத்த கூலி என்று சொல்லலாம்.

ஆனால் வயலில் மிதக்கும் அசோலாவைப் பாருங்கள். அதன் இலையில் உள்ள சிறு குழிகளில் நீலப்பச்சைப் பாசி வாழ்கிறது. அது தன்னிடமுள்ள நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்து அதே மும்மைப் பிணைப்பை, சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் உடைத்துவிடுகிறது. உளுந்து, பயறு வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியமும் அப்படியே. அறுவடைக்குச் சில நாள் முன்பு நெல்லுக்குள் உளுந்து தெளிக்கும் நம் வழக்கத்தில், பின்னால் வரும் அந்தச் செடியின் வேரில் இந்த வேதியியல்தான் நடக்கிறது. செடியைப் பிடுங்கி முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால், நன்றாக வேலை செய்கிற முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

வயலில் வரும் மீத்தேனும், டெல்டாவில் பூமிக்கு அடியிலிருந்து எடுப்பதாகச் சொன்ன மீத்தேனும் ஒன்றா?

ஒன்றுதான். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், நான்கு ஒற்றைச் சகப்பிணைப்பு. நீர் தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கினாலும், நிலக்கரிப் படுகையில் இருந்தாலும் மூலக்கூறு மாறாது. சாணி எரிவாயுவில் எரிவதும் அதுவே.

சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு என்று படிக்கிறோம். அப்படியானால் சகப்பிணைப்பு வலுவற்றதா?

பாடத்தில் அதிகம் பேரைக் குழப்பும் வரி இதுதான். சகப்பிணைப்பு வலுவானது. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையில் உள்ள ஈர்ப்புதான் வலுக் குறைந்தது.

உலையில் தண்ணீர் கொதிக்கும்போது ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பு உடைகிறதா? இல்லை. உடைந்தால் சமையலறையில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நின்று பெரிய விபத்தாகிவிடும். முழு மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து ஆவியாகின்றன, அவ்வளவுதான். அதற்கு ஒரு மோலுக்கு சுமார் 41 கிலோஜூல் போதும். தண்ணீர் மூலக்கூறுக்குள் இருக்கும் இரண்டு பிணைப்புகளையும் உடைக்க 900 கிலோஜூலுக்கும் மேல் ஆகும். சர்க்கரை உருகுவதும், கற்பூரம் தட்டில் வைத்தபடியே கரைந்து காற்றோடு போவதும் மூலக்கூறுகளுக்கு இடையில் உள்ள ஈர்ப்பு தளர்வதால்தான்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் காவிரியில் கிடக்கிறது. ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கான் டை ஆக்சைடு. அதுவும் சகப்பிணைப்புதான். ஆனால் உருகச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். உப்புக்கே 801 டிகிரி போதும்! காரணம், மணலில் தனி மூலக்கூறு இல்லை. ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடு, ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானோடு என்று மணல் துகள் முழுக்க ஒரே பிணைப்பு வலையாக இருக்கிறது. உருக வேண்டுமென்றால் சகப்பிணைப்பே உடைய வேண்டும். வைரமும் இதே வகை.

தேர்வில் எழுதும்போது "எளிய மூலக்கூறுகளாக உள்ள சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு" என்று எழுதிப் பழகுங்கள். மூன்று சொல் கூடுதல், ஆனால் விடை சரியாகிவிடும்.

யூரியா, பொட்டாஷ் இரண்டும் உரம், இரண்டும் தண்ணீரில் கரைகிறது. எது அயனி, எது சகப்பிணைப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொட்டாஷ் என்று கடையில் கொடுப்பது பொட்டாசியம் குளோரைடு. அயனிச் சேர்மம், உருகுநிலை 770 டிகிரி. யூரியா சகப்பிணைப்பு மூலக்கூறு, உருகுநிலை 133 டிகிரி. கரைவதை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. அயனிச் சேர்மம் கரையும், சகப்பிணைப்பு கரையாது என்ற வாய்ப்பாட்டை ரொம்ப நம்பாதீர்கள். சர்க்கரையும் யூரியாவும் சகப்பிணைப்பு, இருந்தும் தாராளமாகக் கரைகின்றன. கிளிஞ்சலில் இருக்கும் கால்சியம் கார்பனேட் அயனிச் சேர்மம், தண்ணீரில் கிட்டத்தட்ட கரைவதே இல்லை.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மின்சாரத்தைக் கேட்க வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு எல்.இ.டி., 470 ஓம் மின்தடை ஒன்று, இரண்டு பென்சில் ஊசி (பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி). எல்லாவற்றையும் ஒரே தொடராக இணைத்து, ஊசிகளின் நுனி ஒன்றையொன்று தொடாமல் கரைசலில் முக்குங்கள். கரைக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் விளக்கு எரியாது. புதிதாகக் கரைத்த யூரியாவிலும் எரியாது, எரிந்தாலும் அதில் உள்ள அசுத்தத்தால் மிக மங்கலாகத் தெரியும். பொட்டாஷில் ஒரு சிட்டிகை போட்டதுமே பளிச்சென்று எரியும். தண்ணீர் மூலக்கூறுகள் பொட்டாசியத்தையும் குளோரைடையும் சூழ்ந்து தனித்தனியாகப் பிரித்துவிட்டதால் அவை மின்சுமையைச் சுமந்து நகர்கின்றன. யூரியா முழு மூலக்கூறாகவே கரைகிறது, அதற்கு நிகர மின்சுமை இல்லை.

விளக்கு எரிகிறதா என்று பார்த்ததும் ஊசியை வெளியே எடுத்துவிடுங்கள். குளோரைடு உள்ள கரைசலில் கொஞ்சம் குளோரின் வாயு வரும், அதனால் ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டு மின் இணைப்பை வைத்து இதை ஒருபோதும் செய்யக் கூடாது. உரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது.

இதே சோதனையைக் கடலோர ஊரின் போர்வெல் தண்ணீரில் செய்தால், எதுவும் கலக்காமலே விளக்கு எரிவதைப் பார்க்கலாம். மண் பரிசோதனை நிலையத்தில் ஈ.சி. என்று அளந்து அட்டையில் எழுதித் தருவது இந்த மின்கடத்துத் திறனைத்தான், துல்லியமான கருவியை வைத்து. அயனி அதிகமானால் எண் அதிகம்.

யூரியாவை வாளியில் கரைக்கும்போது தண்ணீர் ஏன் சில்லென்று ஆகிறது?

திட யூரியாவில் மூலக்கூறுகளுக்கு இடையில் உள்ள ஈர்ப்பைப் பிரிக்க ஆற்றல் வேண்டும். தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் திரும்பக் கிடைத்தாலும் அது போதவில்லை. பாக்கியைத் தண்ணீரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பொட்டாஷ் கரைந்தாலும் குளிரும். கரைவதெல்லாம் சூடாகும் என்ற எண்ணம் வேண்டாம்.

டி.ஏ.பி.யில் எந்தப் பிணைப்பு?

இரண்டும். டை அம்மோனியம் பாஸ்பேட்டில் அம்மோனியம் அயனிக்கும் பாஸ்பேட் பகுதிக்கும் இடையில் அயனிப் பிணைப்பு. ஆனால் அம்மோனியத்துக்குள் நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சகப்பிணைப்பால் இணைந்திருக்கின்றன, பாஸ்பேட்டுக்குள் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் அப்படியே. தண்ணீரில் கரைத்தால் அயனிகள்தான் பிரியும், உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு பிரியாது.

அம்மோனியம் இன்னொரு பாடத்துக்கும் நல்ல உதாரணம். அம்மோனியாவில் நைட்ரஜனிடம் பங்கிடாத ஒரு எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனி வந்தால் நைட்ரஜன் இரண்டு எலக்ட்ரானையும் தானே தருகிறது. இதுதான் ஈதல் சகப்பிணைப்பு. உருவான பிறகு நான்கு பிணைப்பும் ஒரே மாதிரிதான். எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது.

எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் 1.7-க்கு மேல் என்றால் அயனி, கீழே என்றால் சகம். இதை நம்பலாமா?

எலக்ட்ரான் கவர்தன்மை என்பது பிணைப்பில் உள்ள எலக்ட்ரானை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன். இந்த விதியை முதல் யூகத்துக்கு நம்பலாம். தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்க வேதியியலாளர் பாலிங் 1932-இல் கொண்டுவந்த அளவுகோலில் சோடியம் 0.93, குளோரின் 3.16. வித்தியாசம் 2.23, அயனி. கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. வித்தியாசம் 0.35, சகம். இதுவரை சரி. ஆனால் ஹைட்ரஜன் புளோரைடை எடுங்கள். புளோரின் 3.98, வித்தியாசம் 1.78. கணக்குப்படி அயனி. நிஜத்தில் அது சுமார் 20 டிகிரியிலேயே கொதித்துவிடும் மூலக்கூறுப் பொருள். அடுத்து சோடியம் ஹைட்ரைடு. வித்தியாசம் 1.27 மட்டும், ஆனால் அது உப்பைப் போன்ற அயனிப் படிகம்.

இயற்கையில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பெட்டி இல்லை. ஒரு முனையில் சமமாகப் பங்கிட்ட பிணைப்பு, மறு முனையில் கிட்டத்தட்ட முழுதாக இடம் மாறியது, நடுவில் மற்ற எல்லாம். தண்ணீரில் ஆக்சிஜன் பக்கம் எலக்ட்ரான் சாய்ந்திருப்பது இந்த நடுப்பகுதியில் வருகிறது.

ஃபஜான்ஸ் விதி இந்த நடுப்பகுதிக்கு உதவும். நேர்மின் அயனி சிறியதாகவும் அதிக மின்சுமையோடும், எதிர்மின் அயனி பெரியதாகவும் இருந்தால், நேர்மின் அயனி எதிரியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துச் சகப்பிணைப்புத் தன்மையைக் கூட்டிவிடும். நீரற்ற அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகிவிடுகிறது. அதே அலுமினியம், சிறிய புளோரைடு அயனியோடு சேர்ந்தால் 1,200 டிகிரிக்கு மேல்தான் அசைகிறது.

சோடியம் மிகுந்த களர் வயலுக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்களே, அதற்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. களிமண் துகளுக்குள் சிலிக்கானும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பால் தகடு தகடாக இணைந்திருக்கின்றன. அந்தத் தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கும். அதனால் நேர்மின் அயனிகள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடல்நீர் புகுந்தால், அல்லது சோடியம் மிகுந்த போர் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், சோடியம் அயனிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியத்துக்கு ஒரு மின்சுமைதான், அதனால் தகடுகளை நெருக்கமாகப் பிடித்துவைக்க முடியாது. களி பிரிந்து கூழாகி, காய்ந்தால் இறுகிப்போகிறது, தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். அதிலிருந்து மெல்லக் கரையும் கால்சியம் அயனிக்கு இரண்டு மின்சுமை. களி அதை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடுகிறது. விடுபட்ட சோடியத்தைத் தண்ணீர் தேக்கி வடித்து வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் பயன் குறைவு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் கடல் புகுந்த வயல்களை மழைநீர் தேக்கி வடித்தும், தேவைப்பட்ட இடத்தில் ஜிப்சம் இட்டும் மீட்டார்கள்.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து மேலுரமாக இடச் சொல்வதிலும் அயனிக் கணக்கு இருக்கிறது. மண்ணில் யூரியா உடைந்து அம்மோனியமாகிறது. அது நேர்மின் அயனி, களியில் தங்கும். அது நைட்ரேட்டாக மாறினால் எதிர்மின் அயனி, களி பிடித்துவைக்காது. தண்ணீரோடு கீழே போய்விடும், இல்லையென்றால் நீர் தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மறுபடியும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும்.

தேர்வில் எலக்ட்ரான்களைப் புள்ளியாகக் காட்டும் புள்ளி அமைப்பு வரையும்போது மதிப்பெண் எங்கே போகிறது?

பெரும்பாலும் மூன்று இடத்தில். பங்கிடாத ஜோடிகளை விட்டுவிடுவது முதலாவது. தண்ணீரில் ஆக்சிஜனுக்கு இரண்டு ஜோடி, கார்பன் டெட்ராகுளோரைடில் ஒவ்வொரு குளோரினுக்கும் மூன்று ஜோடி, நைட்ரஜன் மூலக்கூறில் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு ஜோடி வரைந்தே ஆக வேண்டும். அயனிச் சேர்மத்தில் அடைப்புக்குறியும் மின்சுமையும் போடாமல் விடுவது அடுத்தது. சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவில் கோடு போட்டு இணைப்பது மூன்றாவது. கோடு என்றால் பங்கிட்ட ஜோடி என்று பொருள், அங்கே அது கிடையாது.

"திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, உருகிய உப்பு கடத்தும், காரணம் கூறு" என்று கேட்டால், திட நிலையில் எலக்ட்ரான் இல்லை என்று எழுதாதீர்கள். திட நிலையிலும் அயனிகள் இருக்கின்றன, ஆனால் படிகத்தில் தத்தம் இடத்தில் கட்டுண்டிருப்பதால் நகர முடியவில்லை. உருகினாலோ கரைந்தாலோ நகர முடிகிறது. இவ்வளவு எழுதினால் போதும்.